பூத்துப்போன தொட்டில்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் நம் மகள் வாலுக்குட்டியும் நலம். வேலைக்குப் போன இடத்தில் உங்கள் உடம்பு எப்படி என்று மறைக்காமல் எழுதுங்கள். போனில் பேசினால் உங்கள் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் செருமல்தான் எனக்கு அதிகம் கேட்கிறது, அதனால்தான் கடிதம்.

நம் பாலிஷ் பட்டறையைப் பூட்டிப் போடவில்லை. பஸ் கண்டக்டர் தம்பி தன் தலைப்பிள்ளைக்குத் தொட்டில் கேட்டார். தச்சர் செய்து கொடுத்தார், பாலிஷ் என் பொறுப்பு. ஈரக்காற்றில் பாலிஷ் போடாதே என்று நீங்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது ஞாபகம் இருந்தது. ஆனால் தாயும் பிள்ளையும் வீடு வரும் நாள் நெருங்கிவிட்டது, மழையோ விடுவதாக இல்லை. போட்டுவிட்டேன். உங்கள் வழி பார்த்து என் கண்தான் பூத்துப்போனது என்றால், விடிந்து பார்க்கையில் தொட்டிலும் பூத்துப்போயிருந்தது. கண்ணாடியில் ஊதிய மூச்சு போல வெள்ளை மூட்டம். துடைத்தால் போகவில்லை; ஈரம் பாலிஷுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து போடச் சொன்னார் தச்சர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெயில் வரும்வரை பொறுத்தேன். பிறகு உங்கள் கையை நினைத்துப் பார்த்தேன். துணி முடிச்சில் சில சொட்டு ஸ்பிரிட், ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்து, பட்டும் படாமலும் ஒரே போக்கில் இழுப்பீர்கள். கை ஓரிடத்தில் நின்றால் பாலிஷே கரைந்து வந்துவிடும் என்பீர்கள். அதற்கு நூல் உதிராத பழைய துணி வேண்டுமே. வீட்டில் இருந்தது, நீங்கள் ஆணியில் மாட்டிவிட்டுப் போன பனியன் ஒன்றுதான். இத்தனை நாள் துவைக்காமல் வைத்திருந்ததைத் துவைத்து, உலர்த்தி, வெட்டினேன். அதைப் பற்றி மேலே எழுத வரவில்லை.

முதல் இழுப்பிலேயே மூட்டம் விலகி மரத்தின் ரேகை தெரிந்தது. கையை எங்கும் நிறுத்தாமல் மறுமுனை வரை இழுத்தேன்.

தொட்டிலை எடுக்க வந்த கண்டக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணன் வந்துட்டாரா அண்ணி? இது அவர் கைதானே?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாலுக்குட்டி எழுந்து ஓடி, உள்ளறை, கொல்லைப்புறம் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

மேஸ்திரி இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார் என்றீர்கள். உங்கள் இஷ்டம் என்று போனில் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தொட்டிலைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வீட்டார் வந்து கேட்டார்கள். தனியாளால் முடியாது, ஆள் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி