தோளில் வைக்காத கை

1974 நவம்பர் 18

வேஷம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தாயரசி எனக்கு இல்லை. முத்துப்பேச்சிக்கு.

தமிழ் எம்.ஏ.வில் நாடகத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் நாங்கள் சிலர்தான். பாதி வருஷம் பழைய கிரேக்க நாடகங்களைப் படிக்க வேண்டும். மீதி வருஷம் அதில் ஒன்றை நம் மண்ணுக்கு மாற்றி மேடையேற்ற வேண்டும். படிப்பில் நான்தான் முதல். போரில் மகனைப் பறிகொடுத்த தாயரசியின் வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். அவள் புலம்பலுக்கு நம் ஒப்பாரியை வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். யோசனை என்னுடையது, வேஷம் அவளுக்கு.

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்திலிருந்து வந்தவள். சளி பிடித்த மாதிரி குரல். அதைப் போய்க் கனமான குரல் என்கிறார் பேராசிரியர்.

நவம்பர் 30

அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். மத்தியானம் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுச் சாப்பிட்டேன். சாயந்திரம் எழுந்து ஒத்திகைக்கு வந்துவிட்டாள். என்ன பிறவி நான்?

டிசம்பர் 11

எனக்குத் தோழிப்பெண் வேஷம். எழவு வீட்டில் செய்வதுபோலவே, தாயரசி ஒப்பாரி எடுத்ததும் நாங்கள் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அவளுடைய வலது தோள் என் பங்கு. கையைக் கொண்டுபோனேன், வைக்கவில்லை. ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திக்கொண்டேன். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

1975 ஜனவரி 18

பொங்கலுக்கு ஊருக்கு வந்த நான் சும்மா இருந்திருக்கலாம்.

அப்பா கோயமுத்தூர் போயிருந்தார். நல்லது நடக்கிற வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாதென்று எனக்கென்ன தெரியாதா? அதனால்தான் கிணற்றடி மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முத்துப்பேச்சியைவிட நன்றாகப் பாடுகிறேனா என்று ஒரே ஒரு தடவை பார்க்கத்தான். வேஷம் கைவிட்டுப் போனதை நினைத்தேனோ என்னவோ, அழுகை தானாக வந்தது.

எங்கள் பக்கம் ஒப்பாரி கேட்டால் யாருக்கு என்னவென்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் போட்டது போட்டபடி ஓடி வந்து வாசலில் விழுந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாள் அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணா, போயிட்டயா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கோயமுத்தூரில் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அம்மாவும் சேர்ந்து அலறிவிட்டாள். நான் புத்தகத்தோடு ஓடி வருகிறேன் — அந்த நேரம் பார்த்தா அப்பா பஸ் இறங்கி வர வேண்டும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏம்புள்ள, உசுரோட இருக்கறவனுக்கே எழவு கூட்டிப்போட்டயா?"

அம்மா வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

ஜனவரி 19

இனிக் காலேஜ் வேண்டாம் என்றுவிட்டார் அப்பா. நான் சாப்பிடவில்லை.

காளியாத்தாள் அத்தைதான் வந்து பேசினாள். "அண்ணா, இப்ப அனுப்பி வையுங்க. நாடகம் போடற அன்னிக்கு நானே போயிப் பாத்துப்போட்டு வந்து சொல்றனுங்க. மானங்கெட்ட சங்கதியா இருந்தா அப்பறம் நிறுத்திக்கலாம்." அப்பா சரி என்றார். என் படிப்பு இப்போது அத்தை கையில்.

உள்ளதைச் சொன்னால் என்ன? வந்தார்களே. நிஜ எழவு என்று நம்பித்தானே வந்தார்கள்? முத்துப்பேச்சிக்கு யார் வருவார்கள்?

ஜனவரி 27

சங்கதி அவள் காதுக்கும் போயிருக்கிறது. சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பொன்னாத்தா, நீ பாடுனதுக்கு ஆளுக ஓடியாந்தாகளாமே. எங்க ஏலக்காட்டுல நானுந்தான் பாடிப் பாத்தேன். எங்காத்தாகூடத் திரும்பிப் பாக்கல. எப்படிப் பாடுன? எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாயேன்."

"அதெல்லாம் தானா வரணும்" என்றேன்.

முகம் சுண்டிப்போனது. நாள் முழுக்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பிப்ரவரி 9

ஒத்திகையில் முத்துப்பேச்சி ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டாள். அடுத்த அடி எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 23

நேற்றுச் சாயந்திரம் நாடகம் நடந்தது. அத்தை முதல் வரிசையில் இருந்தாள். "இன்னொருக்கா ஏமாற மாட்டேன் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

முத்துப்பேச்சி மெதுவாக எடுத்தாள், அந்தச் சளிக் குரலில். இரண்டாவது அடியில் கீழே நாற்காலி தள்ளும் சத்தம். அத்தை எழுந்து வருகிறாள். கொண்டை அவிழ, மேடைப் படி ஏறி, என்னைத் தாண்டிப் போய், முத்துப்பேச்சியின் இடது தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னைத் தாண்டி. என் அத்தை.

என் கை அந்தரத்தில் நின்றது. அழுகையோடு அழுகையாக அத்தை, "கையை வையி புள்ள, தனியா அழுகுது பாரு" என்றாள்.

வைத்தேன். வெறும் எலும்பு. கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் பயந்துகொண்டா இருந்தாள்? இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

இன்று காலை அத்தையும் நானும் பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். அத்தை அப்பாவிடம், "பொல்லாத படிப்புங்கண்ணா, தெரிஞ்சு போன என்னையே அழ வெச்சுப்போடுச்சு. நிறுத்திப்போடாதீங்க" என்றாள்.

"நம்ம புள்ள என்ன பண்ணுச்சு?"

"அந்தப் புள்ளையத் தாங்கிப் புடிச்சுட்டு இருந்துச்சுங்க."

அப்பா தலையை ஆட்டினார். "செரி. போகட்டும்."

பொறாமை போய்விட்டதா? எங்கே போகும்? நாளைக்கு வகுப்பில் எப்படிப் பாடினாய் என்று அவளைக் கேட்கப் போகிறேன். அவள் ஒன்றும் மறைக்காமல் சொல்லித் தருவாள். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.