முப்பத்தொரு கன்று

அக்கா,

மார்ச் 9, காலை 6.40. புயலுக்குப் பின் உன் ஊர்க் கரையில் என் பொறுப்பில் நட்ட நாலாயிரம் அலையாத்திக் கன்றுகளில் முப்பத்தொன்றுதான் உயிரோடிருக்கிறது.

"அங்க தண்ணி வடியவே வடியாதுடா, கன்னு மூச்சு முட்டிச் செத்துடும்" என்றாய். "நண்டு பிடிக்கிறவளுக்கு என்ன தெரியும்?" என்றேன். பழைய வரைபடத்தை நம்பி நட்டேன். புயல் கரையை அரித்துப் பள்ளமாக்கியதை அளக்கவில்லை.

கன்று காப்பாற்றும் என்று சொல்லித்தான் உன்னை அந்தக் கரையோரத்திலேயே வீடு கட்டவைத்தேன். அத்தனையும் பிழைத்திருந்தாலும் அலையைத் தடுக்க எட்டு வருடமாகும். அது எனக்கு அன்றே தெரியும்.

இனி செய்யப்போவது:

1. தவறு என்னுடையது என்று இன்றே நடவுத் திட்ட அறிக்கையில் எழுதுவேன்.
2. நீ காட்டும் மேட்டில் மறுபடி நடுவேன்.
3. மழைக்காலத்துக்கு முன் வண்டியோடு வந்து உன்னையும் பிள்ளைகளையும் என் வீட்டுக்குக் கூட்டிவருவேன். திட்டுவதை வந்தபின் திட்டு.

உன் தம்பி