சான் மாலோவில் ஏறிய கடல்

அன்புள்ள நைனாவுக்கு, சங்கவி வணக்கத்துடன் எழுதுவது. வலை இழுத்து வந்த தோள்வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் என் குரல் நடுங்குவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, இங்கே என்னோடு படிக்கும் பொத்தேரி ஊர்க் கவியாவும் நானும் சான் மாலோ போனோம். பிரான்சின் வடக்குக் கடலோரத்தில், சுற்றிலும் கல்மதில் கட்டிய பழைய ஊர் அது. மதில்மேல் நடந்துவிட்டு, கடல் வற்றிக் கிடந்ததால் எதிரே இருந்த சின்னத் தீவுக்கு நடந்தே போனோம். திரும்பும்போது, வந்த பாதையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நம் முட்டுக்காட்டில் கடல் இப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை.

"முட்டியளவு தண்ணிதான் கீது, ஓடிடலாம் வாடி" என்று கவியா இறங்கிவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அடுத்த அலை அவள் காலை வாரியது. அவள் பையைப் பிடித்து இழுத்தேன்; தண்ணீர் என்னையும் சேர்த்து இழுத்தது. எப்படியோ தீவின் பாறையில் திரும்ப ஏறினோம். "வுட்றாதடி, என்ன வுட்றாத" என்று அழுதுகொண்டே இருந்தாள். மதில்மேல் நின்றவர்கள் அங்கேயே இருக்கச் சொல்லிக் கையசைத்தார்கள். கடல் மறுபடி வற்றும்வரை நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம்.

காயம் ஒன்றுமில்லை. கண்ணை மூடினால்தான் அந்தத் தண்ணீர் வருகிறது. பக்கத்து வீட்டு ஷீலா அக்கா இங்கே வரும்போது என் பச்சைப் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள்.

நைனா, நீங்கள் கடலுக்குப் போன நாளெல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இனிமேல் கரையேறியதும் எனக்கு ஒரு போன் போடுங்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
சங்கவி