மேட்டுக்காட்டுத் தினைமாவு

12-3-1956, திங்கள்

விடிந்ததும் மலையிறங்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல், மலாயாவில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை.

மதியம் பெட்டியில் வேட்டிகளுக்கடியில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு. நம் வீட்டில் தினை ஏது என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்க தம்பி கொண்டாந்து குடுத்தாருங்க. அங்க போயி இதுக்கு எங்கீங்க போவீங்க?"

அப்பா எனக்கென்று சொன்ன மேட்டுக்காட்டு நிலத்தைப் பறித்துக்கொண்டவன் அவன். அந்தக் காட்டுத் தினையையே எனக்குப் பிச்சை போடுகிறான். டப்பாவோடு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். டப்பாவை அவன் முகத்தில் எறிந்தேன். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். என்னைவிடப் பலசாலி, ஆனாலும் கையை ஓங்கவில்லை.

"சின்னதுல காச்சல்ல கெடந்தாக்கூட நீங்க இந்த மாவத்தானுங்ணா கேப்பீங்க," என்றான்.

"காட்டைக் குடுடா."

"மாவு இன்னொரு டப்பா வேணும்னாலும் தாரேனுங்ணா. காடு தர மாட்டேன்."

அதற்கு அடித்த அடியில் அவன் பல் ஒன்று போனது. எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். விரல்கள் வீங்கிவிட்டன, இதற்கு மேல் பேனா பிடிக்க முடியவில்லை.