டான்ட்ரெல் பாடுவதற்கு முன் சொன்னது

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. மில்வாக்கியில் நானும் உன் அம்மாவும் நலம், பனி விழுந்தால் மட்டும் அவள் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. ரோட்டர்டாமில் நீயும் நலம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் போட்டோவில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, அதனால் நான் அதை நம்பவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இது போனில் பேசுகிற விஷயம் இல்லை, நடுவில் யார் காது வைத்திருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை சர்ச் கீழ்த்தளத்தில் மீன் விருந்து முடிந்ததும் உன் படத்தைப் போட்டோம். நம் பேட்டையில் ராப் பாடுகிற பிள்ளைகளை நீ வருஷக்கணக்காக, யார் தயவும் இல்லாமல், சொந்தக் கேமராவோடு துரத்தித் துரத்தி எடுத்த படம் என்று போதகர் பெருமையாகச் சொன்னார். ஜனம் வாயை மூடிக்கொண்டா பார்க்கும். "ஏய், அது என் காருடா, யாரைக் கேட்டு மேல ஏறி உட்கார்ந்திருக்கான்" என்று வில்லார்ட் கத்த, அவன் பெண்டாட்டி "முதல்ல அதுக்கு பெட்ரோல் போடு, அப்புறம் சொந்தம் கொண்டாடு" என்றாள். டான்ட்ரெல் நம் கார் ஷெட்டில் நின்று பாடுகிற இடம் வந்ததும் எல்லாத் தலையும் தாளத்துக்கு ஆடியது, ஒரு தலையைத் தவிர. கடைசி வரிசையில் நல்ல கம்பளிக் கோட்டு போட்ட ஒருவர், நம்மைப் போலக் கறுப்பர்தான், ஆனால் நம் பேட்டை ஆள் இல்லை. தட்டில் வைத்த மீனையும் தொடவில்லை. நம் சர்ச்சில் வறுத்த மீனைத் தொடாத மனுஷனை நான் எப்படி நம்புவது. படம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார், பெயர் விட்ஃபீல்டாம். "படம் ரொம்ப நல்லா வந்திருக்குங்க ஐயா. அந்தக் கார் ஷெட் பாட்டை அந்தத் தம்பியே எழுதினதா? வெட்டாம எடுத்தது எடுத்தபடி உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். படம் பிடித்துப்போனவன் படத்தைப் பற்றிக் கேட்பான், இவர் படத்தில் இல்லாததைக் கேட்கிறார். எல்லாவற்றையும் என் மகள் கையோடு கொண்டுபோய்விட்டாள் என்று சர்ச்சுக்குள் நின்றுகொண்டே பொய் சொன்னேன், உன் அம்மா என்னை முறைத்தாள். வீட்டுக்கு வந்ததும் உன் ஹார்ட் டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்து, ஓடாமல் கிடக்கிற துணி உலர்த்தும் மெஷினுக்குள் வைத்துப் பூட்டினேன். இந்த ஆளுக்கு நம்மைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள் என்று உனக்கு ஒலி பிடித்துக் கொடுத்த கர்டிஸைச் சந்தேகப்பட்டேன். டான்ட்ரெலின் அம்மா அர்லீனையும் விடவில்லை. பையன் சிகாகோவில் மாமனோடு கூரை வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள். தன் முகம் திரையில் வருகிற அன்றைக்கு, இதோ இருக்கிற சிகாகோவிலிருந்து வராமல் இருப்பானா? என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

திங்கட்கிழமை அவளே வீடு தேடி வந்தாள். சமையலறையில் கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்று, "சிகாகோவும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. புள்ளையைப் போலீஸ் கொண்டுபோய் உள்ள வெச்சிருக்கு" என்றாள். பெட்ரோல் பங்க் முனையில் எப்போதோ ஒருவனைச் சுட்டார்களே, ஆள் அகப்படவே இல்லையே, அந்த வழக்கு. கார் ஷெட் பாட்டில் அதே முனை வருகிறது, நான்தான் சுட்டேன் என்றும் வருகிறது. நீ வெளியிட்ட டிரெய்லரில் அதைக் கேட்டிருக்கிறார்கள். "பாட்டையே வாக்குமூலமா எடுத்துக்கிட்டாங்கண்ணே, உங்க பொண்ணு எடுத்த படத்துலருந்து" என்றாள். விட்ஃபீல்ட் வேறு யாரும் இல்லை, டான்ட்ரெலுக்காக வாதாடுகிற வக்கீல். சர்ச்சில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவள்தான் அவர் வாயைக் கட்டியிருக்கிறாள். மீன் சங்கதியை உன் அம்மா போட்டு உடைத்ததும், "அவருக்கு மீன் ஒத்துக்காதுண்ணே, உடம்பெல்லாம் தடிச்சுடும்" என்றாள், அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள்.

கர்டிஸை வரவழைத்து உன் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தோம். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் டான்ட்ரெல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொல்கிறான்: "இது என் பாட்டு இல்ல. செத்துப்போன எங்க கூட்டாளி மார்செல்லஸ் எழுதினது. அவன் யாரையும் சுட்டதில்ல, ஆஸ்துமா மருந்தைத் தவிர கையில எதையும் பிடிச்சதில்ல, சும்மா வீறாப்புக்கு எழுதினான். பாட அவன் இல்ல, அதான் நான் பாடறேன்." அன்று உனக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், என் காதாலேயே கேட்டது. உன் படத்தில் அது இல்லை. சர்ச்சில் பார்த்தபோது எனக்கே உறைக்கவில்லை.

"வேகத்துக்காக வெட்டியிருப்பா மாமா, படம்னா அப்படித்தான்" என்கிறான் கர்டிஸ். நம்பத்தான் ஆசை. ஆனால் டிரெய்லரில் அந்தப் பாட்டுக்குக் கீழே, தன் வாழ்க்கையைத் தானே பாடும் இளைஞன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாயே, அது எந்த வேகத்துக்காக? வெளியாட்கள் கேமராவோடு வந்து நம் பிள்ளைகளைத் துப்பாக்கிக்காரர்களாகக் காட்டிவிட்டுப் போகிறார்கள், அதனால் நம் கதையை நானே எடுப்பேன் என்று இதே சமையலறையில் சொன்னவள் நீ. செத்தவன் பாட்டைப் பாடுகிறவனைவிடச் சுட்டவன் என்றால் அங்கே வெளிநாட்டில் படத்துக்குக் கூட்டம் சேரும் என்று நினைத்தாயா? டிரெய்லரை எடுத்துவிடு என்று கர்டிஸ் சேதி அனுப்பியதும் காரணம் கேட்காமல் எடுத்துவிட்டாய். ஏன் கேட்கவில்லை என்பது என் அடுத்த சந்தேகம். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டுக் கடைசியில் என் சொந்த மகளிடம் வந்து நிற்கிறேன், ரெனிட்டா.

எடுத்தது எடுத்தபடி ஒரு பிரதியை உன்னைக் கேட்காமலே விட்ஃபீல்டிடம் கொடுத்துவிட்டேன். அது போதுமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. புதிதாக வெட்டி ஒட்ட வேண்டும், டிஸ்க்கை அனுப்பு என்று கேட்டிருந்தாய். அந்தப் பேச்சைத் திரும்பச் சேர்ப்பேன் என்று நீ எழுதிக் கொடுக்கிற வரை அது வராது. கோபித்துக்கொள், பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு, அம்மா பின்னிய காலுறை தனியாக வருகிறது.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக, உன் கண்ணையும் கையையும் நல்லபடி நடத்துவாராக. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நேற்று டான்ட்ரெலைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "அக்கா வேணும்னு வெட்டியிருக்க மாட்டாங்க, இல்ல மாமா?" என்று கேட்டான். அதற்குப் பதிலை அவனுக்கு நீயே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
கிளியோஃபஸ்