சிங்காரம் கண் விழித்த வாரம்

திருப்பதி,
10-2-2019, ஞாயிறு.

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் நலம். இன்று காலை போனில் "பாஸ்போர்ட் வந்ததா?" என்று கேட்டீர்கள். நான் "சிங்காரம் கண் விழித்துவிட்டது" என்று உங்கள் ஓணானைப் பற்றிச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பாஸ்போர்ட் வியாழக்கிழமையே கூரியரில் வந்துவிட்டதையும், அதில் கனடா விசா ஒட்டியிருப்பதையும் சொல்லவில்லை. நீங்களும் சந்தோஷத்தில் கேட்டதை மறந்துவிட்டீர்கள். பாஸ்போர்ட் சிங்காரத்தின் கண்ணாடித் தொட்டிக்குக் கீழே இழுப்பறையில் இருக்கிறது. அத்தைக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடக்கிறது. அதில் பேசுவதெல்லாம் மூன்று பேருக்கும் பொது. அதனால்தான், போய்ச்சேர இருபது நாளானாலும் பரவாயில்லை என்று தபாலில் எழுதுகிறேன்.

முதலில் சிங்காரம். டிசம்பர் ஆறாம் தேதி குளிர்காலத் தூக்கத்துக்கு மரப்பட்டைக்கு அடியில் போய்ப் படுத்தது, இந்தச் செவ்வாய்க்கிழமை காலை தலையை மட்டும் நீட்டி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. நீங்கள் சொல்லியிருந்தபடி விளக்கை முதல் நாள் ஆறு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டிப் போடுகிறேன். சமையல் தராசில் நிறுத்தேன். தூங்கப் போகும்போது நானூற்றுப் பத்து கிராம், இப்போது முந்நூற்று எண்பத்தெட்டு. இவ்வளவு நாள் சாப்பிடாமல் இருந்ததற்கு இளைத்தது குறைவுதான் என்று நினைக்கிறேன்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டு மாசமா பட்டினி கெடந்த ஜீவன் முழிச்சிக்கினு கீது. நீ இன்னாமா, புக்கு வெச்சிக்கினு அத்தப் பாத்துக்கினு குந்தினு கீறே" என்றார். புதன்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் லட்டில் ஒரு துணுக்கு கிள்ளி அதன் வாயருகில் வைத்துவிட்டார். நல்லவேளை, அது வாயைத் திறக்கவில்லை. உடம்பில் சூடு ஏறுமுன் தீனி போனால் வயிற்றிலேயே கெட்டுப்போகும் என்று உங்கள் மகன் எழுதியிருக்கிறார் என்றேன். "பெருமாள் பிரசாதம், ஒண்ணும் ஆவாது. அவனே அந்தக் குளுருல இன்னா துன்றானோ, இங்க ஓணானுக்குச் சட்டம் எழுதி வெச்சிக்கீறான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் தொட்டிப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் முழங்கை நனையும் அளவுக்கு இறக்கிவிட்டேன். பத்து நிமிடம் கல்லாக நின்றது. மூக்கில் ஒரு சொட்டு விட்டதும் நாக்கை நீட்டியது. ஒன்பது முறை நக்கிக் குடித்தது, எண்ணினேன். தீனி இன்னும் தரவில்லை. நாளை முருங்கை இலை, அதற்கப்புறம்தான் பூச்சி.

இனி என்னைப் பற்றி.

போன வருடம் ஜனவரியில் கிளம்பும் முன்பு, சிங்காரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள். நீங்கள் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அதுதான். விழிக்கும் பகுதியை இந்த வாரம் பல தடவை படித்தேன். "தானாக வெளியே வரட்டும், பிடித்து இழுக்காதே." "முதலில் சூடு, பிறகு தண்ணீர், தீனி கடைசியில்." "கண்ணை மூடிக்கொண்டால் கோபம் என்று நினைக்காதே." "அவசரப்படாதே" என்பது ஐந்து இடத்தில் இருக்கிறது. இவ்வளவு பொறுமை உங்களிடம் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஒரே வீட்டில் இருந்தோம். தொட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான் புத்தகத்தோடு. என்ன படிக்கிறாய் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தப்பு ஒருவருடையது இல்லை. இப்போது மார்ச் கடைசி வாரம் டிக்கெட், சிங்காரத்தைச் சித்தூரிலிருந்து உங்கள் நண்பர் சம்பத் வந்து எடுத்துப்போவார், அம்மா ஊர்ப்பக்கம் இருந்துகொள்வார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வருகிறேன் என்று நானாகச் சொல்லவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்தச் சொல் எனக்கு இன்னும் வரவில்லை.

அந்த நாலு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சிங்காரத்தை மறந்துவிட்டு, என்னை நினைத்துக்கொண்டு ஒரு தடவை படியுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பதிலுக்கு அவசரமில்லை.

தேவசேனா

(என்னிடம் உள்ள பிரதியின் அடியில், பிறகு எழுதியது)

கடிதம் போய்ச்சேர இருபத்து மூன்று நாளானது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாஸ்போர்ட்டைப் பற்றியும் டிக்கெட்டைப் பற்றியும் பேசவில்லை. அத்தை பக்கத்தில் இருக்கும்போதே, என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அதில் என்ன வருகிறது என்று கேட்டார். ஏப்ரல் கடைசியில் தேதியை நான் சொன்னேன். ஜூன் பதினாறாம் தேதி கிளம்பினேன். சம்பத் இரண்டு தடவை வந்தார். அத்தை சிங்காரத்தைக் கொடுக்கவில்லை.