ஞாயிற்றுக்கிழமை மயில்கள்

நைனா,

இன்று காலை வாட்ச்மேன் அறையில் உன்னுடைய நீல பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். பழைய கம்பும் காய்ந்த பெயிண்டும் கலந்த வாசனை வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான். நீ கண்ணை மூடிய பிறகு செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் மயில்களுக்குக் கம்பு போடுவதும் என் வேலை ஆகிவிட்டது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவளுக்குக் கம்பெனி கொடுத்த வேலை.

வரதய்யபாளையம் ரோட்டில் இந்த லேஅவுட் போட்டபோது நமக்கு எதுவும் போகவில்லை. மனைக்காக நிலத்தை விற்றவர்களும் நாம் இல்லை, மனை வாங்கியவர்களும் நாம் இல்லை. அதுவரை யார் கூப்பிட்டாலும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த உனக்கு இங்கே வாட்ச்மேன் வேலையில் முதல் தடவையாக மாதச் சம்பளம் வந்தது. பாக்கெட்டில் கம்பெனி பெயர் தைத்த சட்டையை நீயே துவைப்பாய், அம்மாவிடம் தரமாட்டாய். அம்மாவுக்கும் வீடுகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடை வந்தது, ஊருக்குள் ஷேர் ஆட்டோ வந்தது. இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

ஆனால் உன்னை நினைத்தால் முதலில் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. மற்ற நாட்களில் விடிந்ததும் கம்பு போட்டுவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருப்பதியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மனை பார்க்க வருகிறவர்களின் வேன் வரும்வரை மயில்களைப் பட்டினி போடுவாய். அவர்கள் இறங்கி, தொப்பி போட்டு, கூல்டிரிங்க்ஸ் குடித்து முடித்ததும் டப்பாவைத் தட்டிக்கொண்டு குரல் கொடுப்பாய்.

"ராவே... ராவே தல்லி..."

முட்புதருக்குள்ளிருந்து அவை ஓடிவரும். வந்தவர்கள் செல்போனை எடுப்பார்கள். மேனேஜர் சார், "நேச்சர் சார், நேச்சர்! நாங்க ஒண்ணும் செய்யல, அதுவா வருது" என்பார். அன்றைக்கே இரண்டு மூன்று பேர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அம்மா ஒரு தடவை கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "மயிலுக்கு மட்டும் தெலுங்குல வாம்மா தாயேன்னு கொஞ்சற. கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளாவது இப்பிடிக் கூப்ட்டுகிறியா?"

"நீ கூப்டாமயே வந்துட்ட. இன்னா பண்ணச் சொல்ற?" என்றாய். அன்று அம்மா உனக்குக் குழம்பு ஊற்றவில்லை.

ஒரு சாயங்காலம் மட்டும் நீ வேறு மாதிரி இருந்தாய். வேன் போன பிறகு, மனைக்கல்மேல் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய். நான் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். "எதுக்குக் கூப்பிடறேன்னு அதுங்களுக்குத் தெரியாது பாப்பா" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

இப்போது மனைகள் எல்லாம் விற்றுவிட்டன, நைனா. நிறைய வீடுகள் வந்துவிட்டன. கம்பெனி வரிசையாக வைத்த வெளியூர் மரங்கள் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டன, அவற்றில் ஒரு குருவிக்கூடுகூட இல்லை. ஏரிக்கரையை ஒட்டி வீடு கட்டக் கூடாது என்று விட்ட துண்டுக்குக் காகிதத்தில் 'பறவைப் பூங்கா' என்று பெயர் போட்டார்கள். அங்கே செடி வைக்கவில்லை, புல் வெட்டவில்லை, பெஞ்சு போடவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டதால் முள்ளும் கோரையும் மண்டிக் கிடக்கிறது. மயில், கீரி, கௌதாரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் காலையானால் மயில்கள் கேட்டுக்கு வந்துவிடும். நீ பழக்கியது, நானும் அங்கேயே சத்தமில்லாமல் கம்பு போட்டுவந்தேன். ஆண் மயில் கறுப்புக் கார் கதவில் தன் உருவத்தைப் பார்த்து வேறு மயில் என்று நினைத்துக் கொத்துகிறது. தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரின் காரில் நீளமாகக் கோடு விழுந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலை வீடியோ எடுத்துக்கொண்டே அட்வான்ஸ் கொடுத்தாரே, அவர்தான். "லோன் இன்னும் முடியலம்மா" என்று என்னிடம் சொன்னபோது பாவமாகத்தான் இருந்தது.

புகார் போனதும் மேனேஜர் சார் வெடிக்கட்டுகளை என் கையில் கொடுத்தார். "அடிக்கக் கூடாது, கேஸ் ஆயிடும். தினம் வெடி போட்டுத் துரத்து. பத்து நாளைக்குள்ள ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. உன்னால முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்." நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அம்மாவின் வேலையும் அவர் கையில்தான் இருக்கிறது.

வெடியைப் பற்றவைக்க எனக்குக் கை வரவில்லை. மறுநாள் விடியும்போது டப்பாவை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைத் துண்டுக்குப் போய்க் கம்பைத் தூவினேன். எதுவும் வரவில்லை. எல்லாம் கேட்டருகே நின்று வாட்ச்மேன் அறையையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த நாளும் அப்படித்தான். டப்பாவைத் தட்டினேன், தலையைத் திருப்பியதோடு சரி. பிறகுதான் புரிந்தது. அவை உன் குரலுக்காக நின்றன.

எனக்குக் குரலே கிடையாது என்று டீச்சர் சொல்வார். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'உள்ளேன்' சொல்லியும் எத்தனையோ தடவை ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன். அன்று சனிக்கிழமை. மாடிகளில் ஆட்கள் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். நடுரோட்டில் நின்று வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது.

"ராவே தல்லி..."

யாரோ சிரித்தார்கள். "ஏய், பாப்பா பேசுது பாரு!" என்றது ஒரு குரல். காது சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினேன். குரல் கிழிந்தது. கண்ணைத் திறந்தபோது ஒரு பெட்டை என் பின்னால் வந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் அந்தக் 'கார்கொத்தி' ஆண் மயிலும், தோகையை இழுத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக. வீடுகளைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். நாலைந்து நாளில் அவை நேராக அங்கேயே வந்துவிட்டன. வெடியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

மேனேஜர் சாருக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் பாப்பா! ஏரிக்கு அந்தாண்ட புது லேஅவுட் போடறோம். ஞாயித்துக்கிழமை கஸ்டமருங்க வருவாங்க. உங்க நைனா மாதிரியே அங்க கூப்டு. சம்பளமும் ஏத்தித் தரேன்."

மனைக்கல்மேல் நீ உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"அந்தாண்ட கூப்பிடமாட்டேன் சார்" என்றேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லு" என்று பைக்கை எடுத்தார். வீட்டில் அம்மா, "அந்த ஆளு வேலைய வுட்டு நிறுத்தினா இன்னாடி துன்னுவோம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் கேட்பதும் சரிதான். வேலை இருக்குமா என்று தெரியாது. ஏரிக்கு அந்தாண்ட ஜேசிபி வந்து நிற்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வேன் வருவதற்கு வெகுநேரம் முன்பே, விடிந்ததும் உன் டப்பாவோடு ஏரிக்கரைக்குப் போய்க் கம்பைத் தூவிக் கூப்பிட்டேன். எல்லாம் வந்தன. எதற்குக் கூப்பிட்டேன் என்று அவற்றுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துன்றதுக்குத்தான் நைனா. வேற எதுக்கும் இல்ல.